காலை வெயில்

ஊருக்கு வெளியே, பஸ் திரும்பும் இடத்துக்கு அப்பால் ஒரு சின்னக் காடு. விடுமுறை வந்துவிட்டால் அவள் வரைபலகையும் பேஸ்டல் வண்ணக்குச்சிப் பெட்டியுமாகக் காலையிலேயே அங்கே போய்விடுவாள். கரும்பச்சையும் ஊதாவும் தேய்த்து முதலில் நிழலைப் போடுவாள். வெயிலைக் கடைசிக்கு வைத்திருப்பாள். வெளிர்மஞ்சள் குச்சியால் அழுத்தி ஒரு தொடல், அவ்வளவுதான்; இலைகளுக்கு நடுவே வெயில் இறங்கிவிடும். அப்புறம் அதில் விரல்கூடப் படக் கூடாது.

டயர் கடை மேனேஜரான அவள் கணவருக்கு அந்தக் குச்சிகளிலிருந்து உதிரும் பொடி ஆகவே ஆகாது. "இது வீடா, மாவு மில்லா? மூக்கைச் சிந்தினா பச்சையா வருது" என்பார்.

நூலகக் கூடத்தில் அவளுடைய முதல் கண்காட்சி. அதற்கு முந்தின நாள் மருந்துக்கடை வேலை முடிந்து வந்தவளை வாசலிலேயே, பொடியைத் தாளோடு ஒட்டவைக்கும் ஸ்ப்ரேயின் நெடி தாக்கியது. பால்கனியில் படங்கள் வரிசையாகச் சாத்திவைக்கப்பட்டிருந்தன. கணவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எல்லாத்துக்கும் ரெண்டு கை அடிச்சுட்டேன். இனிமே ஒரு துளி உதிராது."

"ஸ்ப்ரே பட்டா வெயில் செத்துப்போயிடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேங்க!"

"நல்லது பண்ணப் போனா இதான். காயட்டும், எல்லாம் சரியாயிடும்."

காய்ந்தது. சரியாகவில்லை. மஞ்சள் உள்ளே இறங்கி, நனைந்த மணல் நிறத்தில் கிடந்தது. திரும்பத் தீட்டிப் பார்த்தாள். தடித்துப்போன தாளில் குச்சி வழுக்கியது. கணவர் கடை ஆட்கள் அத்தனை பேரையும் அழைத்திருந்தார். வேறு வழியில்லாமல் மாட்டினாள்.

படங்களின் முன் ஒரு பல் டாக்டர் வெகுநேரம் நின்றார். "அந்தி நேரத்தை இவ்வளவு அழகா யாரும் வரைஞ்சு பார்த்ததில்லம்மா."

அவள் வாயெடுப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "சாயங்காலம்னா இவளுக்கு உயிர் சார்!"

ஸ்ப்ரே அடித்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷமாக அந்தப் படங்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்த மனுஷன், ஒன்றைக்கூட ஏறெடுத்துப் பார்த்ததில்லை என்பது அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் அவளுக்கு உறைத்தது. டாக்டர் இரண்டு படங்களை வாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பும்போது கேட்டாள்: "அதெல்லாம் காலையா சாயங்காலமான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அதான் வித்துப்போச்சே. எந்த நேரமா இருந்தா என்ன?"

அடுத்த விடுமுறையிலும் காட்டுக்குப் போனாள். வெயில் நன்றாக வந்து விழுந்தது; இதுவரை வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம். அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வழியில் மருந்துக்கடையில் இறங்கி, மேலே எண்ணெய்த்தாளைப் போர்த்தி, தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"இன்னைக்கு என்ன வரைஞ்ச?" என்றார் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணும் சரியா வரலைங்க."

"விடு, அடுத்த தடவை வரும்."

"வரும்" என்று சொல்லிவிட்டு, நகக்கண்ணில் ஒட்டியிருந்த மஞ்சளைக் கழுவப் போனாள்.