மௌத்து டிக்கட்

“பொலன்னறுவை ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா மச்சான்?” என்று குவைத்தில் வீட்டுவேலை செய்கிற பெண்சாதி புஸ்பம் தொலைபேசியில் கேட்டாள்.

“போனன்.”

“உள்ளுக்க போய்ப் பாத்தீங்களா, இல்ல வாசல்ல நிண்டு கேட்டுட்டு வந்தீங்களா?”

நல்லரத்தினம் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். அவள் கேட்டதில் பிழையில்லை. வாகரையில் தோணி வைத்துக் களப்பில் மீன் பிடிக்கிறவர் அவர். எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் வாசலில் நின்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவது அவருடைய பழக்கம். ஆனால் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு அவர் அப்படி இருக்கவில்லை. மகளைத் தேடிக் கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்த்தார். தூங்கிக்கொண்டிருந்த யாரோ ஒரு பிள்ளையின் போர்வையை விலக்கப் போய், அந்தப் பிள்ளையின் தாயிடம் ஏச்சும் வாங்கினார். அதையெல்லாம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. “உள்ளுக்க போய்த்தான் பாத்தன்” என்று மட்டும் சொன்னார்.

தைப்பொங்கல் கழிந்த கிழமை அது. ஓட்டமாவடிச் சந்தியில், எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிற மீராசாஹிபின் கடை. முன்பக்கம் போட்டோக் கொப்பியும் பெக்ஸும், நடுவில் வெளிநாட்டுக்குப் பேசுகிற, கண்ணாடி அடைத்த கோல் பெட்டி, பின்னால் ஒரு மேசை போட்டு விமான டிக்கட் வியாபாரம். பெட்டிக்கு வெளியே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் வெளிநாட்டில் இருக்கிற யாருக்கோ எதையோ சொல்ல நின்றவர்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. அந்தச் சந்தி அவ்வளவு மரியாதையாக இருந்து அதற்கு முன் ஒருவரும் கண்டதில்லை.

கடல் வந்த காலையில் நல்லரத்தினம் களப்பில் நின்றார். மகள் கஜானி அவருடைய தங்கச்சியின் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். தங்கச்சியை மறுநாள் பனைவடலிக்குள் கண்டெடுத்தார்கள். கஜானியைக் காணவில்லை. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். இயக்கத்தின் சிறுவர் இல்லத்தில் பேர் தெரியாத பிள்ளைகள் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். இந்தக் கதைகளைச் சொன்னவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். அவர்களை நினைத்தால் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“நான் வாறன்” என்றாள் புஸ்பம். “இந்த வீட்டு மடத்திட்டக் கேட்டன். டீவியப் பாத்து என்னக் கட்டிப் பிடிச்சு அழுறா. பாஸ்போட்டக் கேட்டா மட்டும், புள்ள செத்ததெண்டு பேப்பரக் காட்டு, விடுறன் எண்டுறா. காணாமப் போனதுக்கெல்லாம் லீவு இல்லியாம்.”

பின்மேசையில் இருந்த மீராசாஹிபிடம் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார். குடும்பத்தில் சாவு விழுந்தால் விமானக் கம்பனிக்காரர்கள் விலை குறைத்து, நிரம்பிய விமானத்திலும் ஒரு சீட் பிடித்துக் கொடுப்பார்கள். தாய், தகப்பன், புருசன், பெண்சாதி, பிள்ளை என்று உறவும் கணக்குத்தான். அதற்கு மீராசாஹிப் தானாக ஒரு பேர் வைத்திருந்தார், மௌத்து டிக்கட் என்று. அவருடைய சொந்த ஆட்களுக்கு அது உதவியதே இல்லை. முஸ்லிம் வீட்டில் ஒருவர் மௌத்தானால் அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். கட்டாரில் இருக்கிற மகன் சட்டை மாற்றுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பிரேதத்தை வைத்துக்கொண்டு மூத்தவனுக்காகக் காத்திருக்கிற தமிழ் ஆட்களுக்குத்தான் அந்த டிக்கட் போகும். மற்ற நாட்களில் இதைச் சிரித்துக்கொண்டு சொல்லுகிற மனிதர், அன்றைக்குத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

“காணல்ல எண்டா அவனுகள் ஏத்துக்கொள்ள மாட்டானுகள் தம்பி. மௌத்து எண்டு எழுத்துல வேணும்.”

நல்லரத்தினம் திரும்பிப் பெட்டிக்குள் போய், லைனில் காத்திருந்த புஸ்பத்திடம் அதைச் சொன்னார்.

“அப்ப எடுத்து அனுப்புங்க.”

“என்னத்த?”

“பேப்பர.”

“புள்ள செத்ததெண்டா?”

“பேப்பர்லதானே மச்சான். நான் வந்தாக் கண்டுபிடிப்பன். நான் போகக்க அவளுக்கு என்ட முகம் மனசில நிக்கிற வயசில்ல. குரலத்தான் தெரியும், கிழமைக்குக் கிழமை போன்ல கேட்டவள். நான் கூப்பிட்டா எங்க இரிந்தாலும் வருவாள்.”

நீ வராதே என்று சொல்ல அவர் யார்?

சாவைப் பதிந்து பேப்பர் எழுதிக் கொடுக்கிற கிராம விதானையும் அகதிதான். அவருடைய வீடும் கந்தோரும் ஒன்றாகப் போயிருந்தன. பள்ளிக்கூட முகாமின் ஒரு வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்து எழுதிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். உடம்பு கிடைக்காதவர்களின் விசயத்தில் மேலிடத்திலிருந்து இன்னும் முடிவு வரவில்லை, பொறுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“நீ உடம்பக் கண்டயா?”

“கண்டன்.”

“எங்க?”

“பனிச்சங்கேணிப் பாலத்துக்கு இஞ்சால. எல்லாரையும் சேத்துத் தாட்ட இடத்தில.”

“என்ன உடுப்பு?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. கஜானி அன்றைக்கு என்ன உடுத்திருந்தாள் என்று அவருக்குத் தெரியாது. இருட்டோடு தோணியை இழுக்கப் போகும்போது தங்கச்சியின் வாசலில் எட்டிப் பார்த்தார். கழுத்துவரை போர்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு தகப்பனுக்கு இதுகூடத் தெரியாதா என்று விதானை கேட்டுவிடுவாரோ என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. மூலையில் நிவாரணத்துக்கு வந்த பிளாஸ்டிக் வாளிகள் அடுக்கிக் கிடந்தன. எல்லாம் மஞ்சள்.

“மஞ்சள் சட்டை” என்றார்.

இரண்டாவது சாட்சி வேண்டும் என்றார் விதானை. வெளியே படியில் குந்தியிருந்த வல்லிபுரம் உள்ளே வந்தார். தன் பெண்சாதியையும் மகனையும் அந்தக் குழியில்தான் தன் கையால் கிடத்தியவர் அவர். “ஓம், நானும் கண்டன். மஞ்சள்தான்” என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு, மறுபடியும் படியில் போய்க் குந்திக்கொண்டார்.

செய்தி முகாமுக்குள் பரவியது. அதுவரை நல்லரத்தினத்தைக் கண்டால் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கிப் போன பெண்கள், ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் இருந்து ஒப்பாரி வைத்தார்கள். காணாமற்போன பிள்ளைக்கு ஒப்பாரி இல்லை. செத்த பிள்ளைக்கு உண்டு. யாரோ அவர் தங்கியிருந்த வகுப்பறையின் வாசலில் வெள்ளைத் துணி கட்டினார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அடுத்த அறைக்காரர்கள் சோறு கொண்டு வந்தார்கள். இதெல்லாம் வேண்டாம், இது டிக்கட்டுக்காகச் சொன்னது என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை. பொய் வெளியே வந்தால் பேப்பர் போய்விடும் என்ற பயம் ஒன்று. இன்னொன்றும் இருந்தது. கடல் வந்த நாளிலிருந்து அவர் அழுததே இல்லை. அன்றைக்கு அழுதார். அழுது முடிந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டார். சாப்பாடு ருசித்தது. அதுதான் அவருக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு கண்ணை மூடினால் மஞ்சள் சட்டை வந்தது. முதலில் சட்டை மட்டும் வந்தது. பிறகு அதில் ஒட்டியிருந்த மணல் வந்தது.

பெக்ஸ் மெசினுக்குள் பேப்பரை விடுவதற்கு முன் மீராசாஹிப் ஒருமுறை வாசித்தார். “தம்பி, புள்ளயக் கண்டயா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“டிக்கட்டுக்குக் காக்கா.”

மீராசாஹிப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே ரோட்டைப் பார்த்தார். பிறகு மெசினுக்குள் விட்டார். “திரும்பிப் போற திகதியும் இதோட சேத்துத்தான் வரும். மாத்தேலாது. புஸ்பம் தங்கச்சிக்குச் சொல்லி வை” என்றார்.

புஸ்பம் கொழும்பு பஸ்ஸிலிருந்து வாழைச்சேனையில் இறங்கினாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. மெலிந்திருந்தாள். முகாம் வாசலில் பெண்கள் அவளைக் கண்டதும் ஓடிவந்து கழுத்தில் விழுந்து குழறினார்கள். அவள் அவர்களைத் தள்ளிவிட்டாள்.

“ஆருக்குக் குழறுறீங்க? என்ட புள்ளக்கா? நான் தேட வந்திரிக்கன், குழற வரல்ல.” வாசலில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை எட்டிப் பிடித்து இழுத்து அவிழ்த்தாள். பெண்கள் நல்லரத்தினத்தைப் பார்த்தார்கள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து இருவரும் தேடினார்கள். வாழைச்சேனை, செங்கலடி, ஏறாவூர் என்று ஒவ்வொரு முகாமாகப் போனார்கள். மண்முனைத் துறையில் பாதைப் படகேறிக் களப்பைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கமும் போனார்கள். ஒரு சோதனைச்சாவடியில் ஆமிக்காரனிடமும், அடுத்த சாவடியில் இயக்கப் பொடியனிடமும் புஸ்பம் கஜானியின் அதே படத்தைக் காட்டினாள். எந்த முகாமுக்குப் போனாலும் புஸ்பம் யாரிடமும் விசாரிக்க மாட்டாள். முற்றத்தின் நடுவில் போய் நின்று தொலைபேசியில் பேசுகிற அதே குரலில், கொஞ்சம் இழுத்துக் கூப்பிடுவாள். “கஜானிக் குட்டி... அம்மா பேசிறன்...” பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். ஏறாவூரில் ஒரு சின்னப் பெண் ஓடிவந்து அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டாள். பேர் கேட்டதற்கு றிஸ்னா என்றாள். அவளுக்கும் உம்மாவைக் காணவில்லையாம். புஸ்பம் அந்தப் பிள்ளையின் கையை விடுவிக்க நெடுநேரம் எடுத்தது. நல்லரத்தினம் தள்ளி நின்றார். இவள் கூப்பிடுகிற நம்பிக்கை தனக்கு ஏன் இல்லை, கண்ணால் காணாத ஒன்றை எப்படி இவ்வளவு சுருக்காக நம்பினேன் என்று தன்னையே ஏசிக்கொண்டு நின்றார்.

திரும்புகிற நாள் நெருங்கியபோது, மட்டக்களப்பு டவுனில் காணாமற்போன பிள்ளைகளைப் பதிகிற ஓர் இடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனார்கள். சுவர் முழுக்கப் படம். மேசையில் ஓர் இளம்பெண் இருந்தாள். தன்மையாகப் பேசினாள். பேரையும் ஊரையும் கேட்டு, தாள்களைப் புரட்டினாள். நின்றாள். மறுபடியும் பேரைக் கேட்டாள்.

“அக்கா, இந்தப் பேர எடுத்துட்டாங்க.”

“எடுத்ததெண்டா?”

“காணாமப் போன ஆக்கள்ற பக்கத்திலயிருந்து எடுத்து மற்றப் பக்கத்தில போட்டிரிக்கி. இனி ஒரு இடத்திலயும் தேட மாட்டாங்க. இதக் கண்டுதானே முகாம்களுக்கும் சொல்றது.” அவள் நல்லரத்தினத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “தகப்பனே அடையாளம் காட்டியிரிக்காரு அக்கா. மஞ்சள் சட்டை எண்டும் இரிக்கி.”

“அது டிக்கட்டுக்குப் போட்ட பேப்பர் தங்கச்சி” என்று புஸ்பம் சிரிக்கப் பார்த்தாள். “நாங்கதான் போட்டம். நான் வாறத்துக்கு. இவர் காணல்ல. சொல்லுங்க மச்சான்.”

இல்லை என்று சொன்னால் போதும். காணவில்லை, பொய் சொன்னேன், வாளியைப் பார்த்துச் சொன்னேன் என்று சொன்னால் போதும். அந்தப் பெண் பேனையைக்கூட எடுத்துவிட்டாள். நல்லரத்தினம் வாயைத் திறந்தார். அப்போது பார்த்து அது வந்தது. பாலத்துக்கு இஞ்சாலே, மற்ற எல்லோருக்கும் நடுவில், ஒரு பக்கம் சரிந்து, சட்டையில் மணலோடு. அவர் அங்கே போனதே இல்லை. ஆனாலும் அது எந்தப் பக்கம் சரிந்து கிடந்தது என்றுகூட அவருக்குத் தெரிந்தது. கண்டேனா, காணவில்லையா என்று ஒரு கணம் அவருக்கே குழம்பியது.

“நான் காணல்ல” என்றார் பிறகு.

பிந்திவிட்டது. புஸ்பம் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருசம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த முகத்தில் ஓடுவது தெரியாமல் போகுமா? “தங்கச்சி, அப்பிடியே இரிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அதற்குப் பிறகு அவள் தேடப் போகவில்லை. முகாமில் ஒரு மூலையில் இருந்தாள். வெள்ளைத் துணியை யாரோ மறுபடியும் கட்டினார்கள். அவள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நல்லரத்தினம் பக்கத்தில் போய், “சத்தியமாக் காணல்ல புள்ள, வாயில வந்தது, அவ்வளவுதான்” என்று எத்தனையோ தரம் சொன்னார். அவள் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். நோயாளிக்குத் தலையாட்டுவதைப் போல இருந்தது அது.

திரும்பும் நாள் மாறவில்லை. மீராசாஹிப் கேட்டுப் பார்த்தார்; முடியாது என்று சொல்லிவிட்டார்கள். துக்கத்துக்கு அவர்கள் கொடுக்கிற காலம் அவ்வளவுதான்.

கொழும்பு பஸ் வரும்வரை சந்தியில் மீராசாஹிபின் கடை வாங்கில் இருவரும் இருந்தார்கள். உள்ளே பெட்டிக்குள் யாரோ சத்தமாக அழுது பேசிக்கொண்டிருந்தார்கள். புஸ்பத்தின் மடியில் கைப்பை இருந்தது. கஜானிக்கென்று குவைத்தில் வாங்கி வந்த உடுப்பு அதற்குள் பிரிக்காமலே இருந்தது. வளர்ந்திருப்பாள் என்று கொஞ்சம் பெரிதாக வாங்கியது.

“மச்சான்.”

“ம்.”

“அந்தச் சட்டையில பொத்தான் இரிந்ததா?”

நல்லரத்தினம் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்வதா, தெரியாது என்று சொல்வதா, எதைச் சொன்னால் இவள் விமானத்தில் தனியாக இருந்து போய்ச் சேருவாள்? மீராசாஹிப் மேசையிலிருந்து தலையைத் தூக்கியவர், மறுபடியும் குனிந்துகொண்டார்.

“இரிந்தது” என்றார் நல்லரத்தினம்.

“முன்னாலயா?”

“முன்னால.”

“என்ன நிறம்?”

“வெள்ள.”

“எல்லாம் பூட்டித்தான் கிடந்ததா?”

“ஓம் புள்ள. எல்லாம் பூட்டித்தான் கிடந்தது.”

புஸ்பம் தலையாட்டினாள். பஸ் சந்தியைத் திரும்பி வந்து நின்றது. நடத்துனர் பெரிய பையை வாங்கி உள்ளே போட்டான். அவள் ஏறி ஜன்னலோரம் இருந்தாள். பஸ் நகரும்போது நல்லரத்தினம் கூடவே கொஞ்சத் தூரம் நடந்தார். மடியில் இருந்த கைப்பையின் மேல் அவளுடைய விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாக, எதையோ பூட்டிக்கொண்டு போயின.