மேல் சுவர் தாங்காது

சிராஜுதீன் தன் ஜவுளிக்கடைக்கு வாங்கிய பெயர்ப் பலகை இருபதடி நீளம், எட்டடி உயரம். அதற்கான இரும்புச் சட்டத்தைப் பட்டறையிலேயே பற்றவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஷட்டருக்கு நேர் மேலே மாட்டினால் மாடிச் சன்னல் முழுதாக மறைந்துவிடும். சன்னலுக்கு உள்ளே, கட்டிலில், சிராஜுதீனின் அண்ணன் பிச்சை முகம்மது கிடந்தார்.

பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. கழுத்தைத் திருப்பினால் ரோடு தெரியும். கோவில்பட்டியில் யார் யார் எந்த நேரத்தில் எங்கே போகிறார்கள் என்பது இப்போதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறைக்கு வேறு சன்னல் இல்லை.

சாரம் கட்டியதைப் பார்த்ததும் அவர் மனைவி ஜரினா கீழே இறங்கி வந்தாள்.

"சிராஜு, பலகையச் சன்னலுக்கு மேல ஏத்தி மாட்டக் கூடாதா? அவியளுக்கு அந்தச் சன்னல் ஒண்ணுதான இருக்கு."

சிராஜுதீன் போனைப் பார்த்தபடி நின்றான்.

"எனக்கென்ன மதினி, செவுரு தாங்கணும்லா? வெயிலுமுத்து அண்ணாச்சிகிட்டக் கேளுங்க. அவரு சொன்னாச் சரிதான்."

வெயிலுமுத்து சாரத்தின் மேல் பலகையில் நின்றிருந்தான். இருபது வருடமாக விளம்பரப் பலகை மாட்டுகிறவன். கரிசல் மண் வெயிலுக்குப் பிளந்து மழைக்கு மூடுகிற ஊரில் விரிசல் விடாத கட்டடம் அரிது. அதனால் முதலில் ஒரு துளை போட்டுப் பார்ப்பான். சிவப்புத் தூள் வந்தால் செங்கல், கவனம் வேண்டும். சாம்பல் தூள் வந்தால் கான்கிரீட், பயமில்லை. சன்னலுக்கு மேலே அன்று காலையில் போட்ட துளைகளில் சாம்பல் தூள்தான் வந்தது. யானையைக் கட்டித் தொங்கவிட்டாலும் தாங்கும்.

ஜரினா அண்ணாந்து பார்த்தாள். "தம்பி, மேல மாட்டுனாத் தாங்குமா?"

வெயிலுமுத்து சிராஜுதீனைப் பார்த்தான். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதலாளிகள் தங்கள் வாயால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதை வேலைக்காரன் சொல்ல வேண்டும், அவன் சொன்னதாகவே இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டவனைத்தான் அடுத்த வேலைக்கும் கூப்பிடுவார்கள். வெயிலுமுத்து புரிந்துகொண்டான்.

"தாங்காதுக்கா. கரிசப் பூமி பாத்தியளா, மேல பூராம் விரிசல் ஓடிருக்கு. ஒரு ஆடிக் காத்து போதும். ரோட்டுல போற நாலு பேரு மேல விழும்."

ஜரினா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு விரிசல் எதுவும் தெரியவில்லை. தெரிந்தவன் சொல்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நாலு பேரு உசிருல்லா," என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனாள்.

சிராஜுதீன் போனைச் சட்டைப்பையில் போட்டான். "நெசமாவே தாங்காதா அண்ணாச்சி? ஏத்திருவோம்னுதான் நான் இருந்தேன். மேல ஏத்துனா லைட்டு எப்படி விழும்னு டிசைன்காரன்கிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தேன். அவன் தோதுப்படும்னு சொல்லுதான்."

வெயிலுமுத்து ஒரு போல்ட்டை எடுத்துத் துடைத்தான்.

"இன்னொருக்கா பாருங்களேன். அண்ணன் மூஞ்சியில பலகைய அடிச்சான்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது."

'பாக்கேன்' என்ற ஒரு சொல் போதும். எதிர்த்த டீக்கடையில் இரண்டு பேர் கிளாசைப் பிடித்தபடி இதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டயபுரம் பஸ் ஒன்று வந்து, நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போகும்வரை வெயிலுமுத்து அந்தப் போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுவரைப் பற்றிச் சொன்ன சொல்லை அவன் எந்த ஊரிலும் மாற்றியதில்லை.

"அதான் சொல்லிட்டம்லா மொதலாளி. தாங்காதுன்னா தாங்காது."

"அப்பம் என்ன செய்ய? மாட்டுங்க," என்று சிராஜுதீன் கடைக்குள் போனான்.

சாரத்தின் கீழ்த் தட்டில் நின்றிருந்த வெல்டர் சீனி மேலே ஏறி வந்தான். "ஏலே, காலையில சாம்பத் தூளுல்லா வந்துச்சு?"

"வெல்டு வைக்கிறவனுக்குச் செவுத்தப் பத்தி என்னலே தெரியும்?"

"நெறம் தெரியும்லா. என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"அப்பம் எறங்கிப் போயி அந்த அக்காகிட்டச் சொல்லு. போலே."

சீனி ரோட்டைப் பார்த்தான். பிறகு ஸ்க்ரூ டப்பாவை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தான்.

சட்டம் ஏறியது. சன்னலின் இரண்டு பக்கமும் போல்ட்டுகள் சுவரைத் துளைத்து உள்ளே போகும். உள்ளே ஒருவர் ஸ்பேனரால் நட்டைப் பிடித்துக்கொண்டால்தான் வெளியே முறுக்க முடியும். சீனி உள்ளே போக மாட்டேன் என்றான். சன்னல் வழியாக வெயிலுமுத்து ஸ்பேனரை நீட்ட, ஜரினா வாங்கிக்கொண்டாள்.

"நானே பிடிச்சுக்கிடுதேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

அவன் சொல்லச் சொல்ல அவள் பிடித்தாள். நட்டு நழுவியபோதெல்லாம் தானாகவே சரிசெய்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் பிச்சை முகம்மது கழுத்தைத் திருப்பிக் கிடந்தார். ரோட்டைப் பார்க்கவில்லை, வெயிலுமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவன் துளை போட்டதும், உள்ளங்கையில் தூளை ஏந்தி வெளிச்சத்தில் பார்த்ததும், சீனியிடம் தலையாட்டியதும் அந்தச் சன்னலுக்கு முன்னால்தான் நடந்திருந்தன. அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணி அசைந்தது. எச்சில் வழிந்தது, சத்தம் வரவில்லை.

"அவிய என்னமோ சொல்ல வாராக," என்றாள் ஜரினா. முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டுத் திரும்ப வந்து ஸ்பேனரைப் பிடித்தாள். கடைசி நட்டும் இறுகியதும் ஸ்பேனரைச் சன்னல் வழியாகத் திருப்பி நீட்டினாள்.

"கைய உள்ள எடுத்துக்கிடுங்கக்கா," என்றான் வெயிலுமுத்து.

பலகையின் தகடுகளைச் சட்டத்தில் இடமிருந்து வலமாக அடைத்துக்கொண்டு வந்தான். கடைசித் தகடு சன்னலை மூடிச் சரியாக உட்கார்ந்தது. அதற்குப் பதினாறு ஸ்க்ரூ. ஒன்றுகூட வளையாமல் இறங்கின.

தகட்டுக்குப் பின்னாலிருந்து ஜரினாவின் குரல் வந்தது. "லைட்டப் போட்டுக்கிட்டேன் தம்பி. நீங்க பாத்து எறங்குங்க."