பெரியவருக்கு மூச்சு முட்டுகிறது

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, சென்னியப்பன் வாங்கிய கார் அந்த ரகம். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது அவன் தலையில் கட்டிவிட்டுப் போன சீமை வண்டி. பார்த்தால் நாலு கதவு வைத்த குடும்பக் கார். மிதித்தால் பந்தயக் கார். வயது பதினெட்டு. மலையிறங்கி ராசிபுரத்துக்குப் பக்கத்திலிருந்த அவன் ஊருக்கு வந்த அன்று பறந்து வந்ததென்னவோ உண்மை. அதற்கப்புறம் ஒரு நாள் ஓடினால் ஒரு மாதம் படுத்துக்கொண்டது.

அதை வாங்குவதற்காக, கிணற்றோடு சேர்த்து இரண்டு ஏக்கரை விற்றிருந்தான். அவன் அப்பா செங்கோட்டையன் தன் கையால் வெட்டிய கிணறு அது. நிலம் மகன் பேரில் இருந்ததால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கே கிழவர் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு சேலத்தில் சூரமங்கலத்திலிருந்த மகள் கமலவேணி வீட்டுக்குப் போய்விட்டார். "அவனா வந்து கூப்புட்டா வாரேன். இல்லீன்னா என்ற கட்டை இங்கயே வேகட்டும்" என்று மகளிடம் சொன்னாராம்.

கூப்பிடப் போகக் கூடாது என்ற வைராக்கியமெல்லாம் சென்னியப்பனுக்கு இல்லை. அப்பா இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறே இறங்கவில்லை. ஆனால் பஸ்ஸில் போய் நின்றால், 'எங்கடா உன்ற காரு?' என்று கேட்பாரே, அதற்கு என்ன பதில் சொல்வது? வண்டியைச் சரிபண்ணி, அதிலேயே போய், அதிலேயே கூட்டி வந்துவிட வேண்டும் என்று நினைத்தான். இந்த நினைப்பிலேயே எட்டு மாதம் போய்விட்டது. அவனை மடையன் என்பதா, பாவம் என்பதா?

கார் கிடந்தது சேலம் அரிசிப்பாளையத்தில், மெக்கானிக் தோமினிக்கின் பட்டறையில். கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் அடைத்துப் போயிருந்தது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்தால், சூட்டில் எஞ்சின் ஹெட் வளைந்திருந்தது. அதை லேத்தில் கொடுத்து நிமிர்த்தினால், கேஸ்கட் பம்பாயிலிருந்து வர வேண்டும் என்றான். கார்புரேட்டர் வேறு இரண்டு. ஒன்று வழிக்கு வந்தால் மற்றது முரண்டு பிடிக்கும். வண்டி விலையில் பாதிக்கு மேல் ரிப்பேருக்கே போயிற்று.

தோமினிக் நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வண்டிக்குப் 'பெரியவர்' என்று பேர் வைத்தவன் அவனே. சென்னியப்பன் பங்கு வைத்திருந்த, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போன் போட்டு, "பெரியவர் தண்ணியாக் குடிக்கிறாருங்க" என்பான். இன்னொரு நாள், "பெரியவருக்கு மூச்சு முட்டுதுங்க, கார்புரேட்டரக் கழட்டணும்" என்பான். ஆலையிலும் ஊரிலும் அந்தப் பேரே நின்றுவிட்டது. சென்னியப்பன் அப்பாவைச் சொல்வது 'ஐயன்' என்று. அதனால் அவனுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, மரவள்ளி மாவு காய்கிற களத்தில் நின்றுகொண்டிருந்தான். ஆலைக் கணக்குப்பிள்ளை சடையன் ஆபீசிலிருந்து ஓடி வந்தார்.

"ஏனுங்க, சேலத்துல இருந்து போனுங்க. பெரியவருக்கு மூச்சு முட்டுதாமா. ஒடனே பொறப்பட்டு வரச் சொல்றாங்க."

அந்த மாதத்தில் அது நாலாவது போன். போய் எடுத்தால் தோமினிக் ஒரு தொகை சொல்வான். அதைக் கேட்க அவனுக்குப் பயம். பயம் வந்தால் அவனுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"அவருக்கு இதே பொழப்பாப் போச்சு. செலவு பண்ணிப் பண்ணி எனக்குத்தான் மூச்சு முட்டுது. நாளைக்கு வாரேன், அது வரைக்கும் அங்கயே கெடக்கட்டும்னு சொல்லுங்க."

சடையன் நேர்மையான மனிதர். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் போனில் ஒப்பித்துவிட்டு வைத்தார். பேசுவது யார் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. சேலத்திலிருந்து போன் என்றால் பட்டறைதான் என்று இருந்துவிட்டார்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் பஸ் ஏறிப் போனான். மாதா கோயில் பூசை முடிந்து, கறிச்சோறு தின்று, தோமினிக் வந்து பட்டறையைத் திறக்க மத்தியானம் ஆகிவிட்டது. சாவியைத் திருகியதும் வண்டி ஒரே உறுமலில் எழுந்தது.

"மூச்சு முட்டுச்சே, சரியாயிருச்சா?" என்று கேட்டான்.

"இப்பக் கேட்டுப் பாருங்க, குழந்தை மாதிரி" என்றான் தோமினிக்.

இருவரும் ஏற்காட்டு அடிவாரம் வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினார்கள். எங்கேயும் இருமவில்லை, சுடவில்லை. அவனைப் பட்டறையில் இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவித் துடைத்து, ஐயனுக்கு ஒரு கவுளி வெற்றிலையும் வாங்கிக்கொண்டு சென்னியப்பன் சூரமங்கலம் போய்ச் சேர ஆறு மணி. அத்தனை சந்தோஷம் அவனுக்கு. தெருமுனையிலேயே இரண்டு தரம் ஹாரன் அடித்தான்.

அக்கா வீட்டு வாசல் கழுவி ஈரமாக இருந்தது. அக்கா மகன் மொட்டைத் தலையோடு, நனைந்த வேட்டியோடு நின்றிருந்தான்.

"எடுத்தாச்சு, சென்னியப்பா" என்றாள் கமலவேணி. "விடியக்காலம் அடங்கிருச்சு. ஊருக்கு ஆள் உட்டோம், நீ சேலம் போயிட்டன்னு திரும்பி வந்தான். நாலு மணி வரைக்கும் பாத்தோம். பேரனையே கொள்ளி வெக்கச் சொல்லிட்டாங்க."

அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நேத்து டாக்டர் ஊட்டுல இருந்து உன்ற மாமாதான் போன் பண்ணுனாரு. அங்கயே கெடக்கட்டும்னு சொல்லியுட்டயாமா. அதனாலதான் அவரு ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம்னுட்டாரு." அவள் குரல் உயரவே இல்லை. "ஐயன்கிட்ட நான் அதச் சொல்லல. கார் எடுத்துட்டு வந்துட்டே இருக்கான்னு சொன்னேன். ஒடனே சலவை வேட்டி எடுத்துக் கட்டிவுடச் சொன்னாரு. முன்னாடி உக்காந்தாக் காத்து நல்லா வரும்லன்னு கேட்டாரு."

சென்னியப்பன் மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"அக்கா, சத்தியமாச் சொல்றேன், அது ஐயன்னு எனக்குத் தெரியாது. நான் காரைத்தான் நெனச்சேன்."

"காரைத்தான் நெனச்ச. இந்த எட்டு மாசமா நீ வேற எதைச் சாமி நெனச்ச?" என்று சொல்லிவிட்டு, தம்பி தலைக்கு ஊற்றத் தண்ணீர் எடுக்கப் போனாள்.