மாண்புமிகு ஜாம்பியா

உலக நாடுகள் அனைத்துக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், ஐக்கிய நாடுகள் சபையின் அடுத்த பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான பாதுகாப்புச் சபைக் கூட்டம், வரும் வியாழக்கிழமை மதியம், வணிகவியல் முதலாண்டு பி பிரிவு வகுப்பறையில் நடைபெறும். உறுப்பு நாடுகள் தத்தம் அடையாள அட்டையுடன் வரவேண்டும். சாப்பாட்டு டப்பாக்களை வெளியே வைத்துவிட்டு வரவேண்டும்.

இந்த அறிவிப்பை எழுதிக் கையெழுத்திட்டு, மாணவிகள் கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்த பலகையில் ஒட்டியவர் பரசுராமன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் பேராசிரியர். மாதிரி ஐ.நா. சபை நடத்துவது எப்படி என்று டெல்லியில் நடந்த பயிற்சி முகாமுக்குப் போய்வந்த நாளிலிருந்து உலக சமாதானம் அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே போட்ட கோட்டை இங்கே வந்தும் அவர் கழற்றவில்லை. மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். "மாண்புமிகு சீனா, அந்த ஃபேன போடுப்பா" என்பார். "மாண்புமிகு ரஷ்யா, போன மாசம் அட்டெண்டன்ஸ் கம்மியா இருக்கே." அவர் தொடங்கிய மாதிரி ஐ.நா. மன்றத்தில் சேர்ந்தவர்கள் மொத்தமே பதினைந்து பேர். பாதுகாப்புச் சபையிலும் பதினைந்து நாடுகள்தான் என்பதை அவர் தெய்வச் செயலாகவே எடுத்துக்கொண்டார். பக்கத்து இரும்பு ஆலையின் தூசி கொடிகளில் படிந்துவிடும் என்று ஜன்னல்களை எப்போதும் சாத்திவைத்திருந்ததால், உலகப் பிரச்சினைகள் அனைத்தும் வேர்த்து வழிந்தபடியே விவாதிக்கப்பட்டன.

இவ்வளவையும் விளையாட்டு என்று நினைக்காத ஒருத்தி அங்கே இருந்தாள். ஹெலன், இரண்டாமாண்டு. பொதுச்செயலாளர் பதவிக்கு அவள் ஆசைப்பட்டது சான்றிதழுக்காகவோ பேட்ஜுக்காகவோ அல்ல. பரசுராமன் டெல்லியிலிருந்து கொண்டுவந்த விதிமுறைகளில் ஒரு வரி இருந்தது. பொதுச்செயலாளர் அவைக்குள் நுழையும்போது அவையில் உள்ள அனைவரும் எழுந்து நிற்கவேண்டும். அந்த வரியை முதன்முதலாகப் படித்த அன்றே ஹெலன் அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டாள்.

அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் அவர்கள் காலனி. அதைத் தாண்டி ஊர். ஊரில் தணிகாசலத்துக்கு நெல் விளையும் நிலம் இருக்கிறது, அரிசி ஆலை இருக்கிறது, கல்லூரியில் பெற்றோர் சங்கத் தலைவர் பதவியும் இருக்கிறது. ஹெலனின் தாத்தா காலம் வரைக்கும் காலனிக்காரர்கள் அந்த நிலத்தில் நாற்று நட்டார்கள், அறுத்தார்கள். இப்போது யாரும் போவதில்லை. காலனி முனைக்கே கம்பெனி பஸ் வருகிறது. ஹெலனின் அப்பா அந்தோணி இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிறார். அம்மா ரோசம்மாளுக்குப் பிஸ்கட் பேக்கிங்கில் வேலை. தணிகாசலத்தின் தயவு தேவைப்படாத வீடு. ஆனாலும் டீக்கடைப் பெஞ்சில் அந்தோணி உட்கார்ந்திருக்கையில் தணிகாசலத்தின் புல்லட் சத்தம் கேட்டால் போதும், அவர் கால்கள் தாமாக எழுந்துவிடும். எழுந்திரு என்று யாரும் சொல்வதில்லை. உட்கார் என்றும் யாரும் சொன்னதில்லை. புல்லட் நிற்காமல் போய்விடும். ஆறிய டீயோடு அவர் மறுபடி உட்காருவார். சின்ன வயதிலிருந்து இதை நூறு தடவையாவது பார்த்திருக்கிறாள் ஹெலன். ஏனென்று கேட்டதில்லை.

தேர்தலில் நிற்கப்போவதைச் சாப்பிடும்போது வீட்டில் சொன்னாள்.

"பொதுச்செயலாளரா?" என்றார் அந்தோணி. "எந்தக் கட்சிம்மா?"

"கட்சி இல்ல நைனா. ஐ.நா. சபை. உலகத்துக்கே."

"ரோசு, கேட்டியா? உலகத்துக்கேவாம். தெரு மோட்டாரு ரெண்டு வாரமா ரிப்பேரு, அதையும் கொஞ்சம் இன்னான்னு பாக்க சொல்லு."

"மொதல்ல அவ துணிய அவ மடிக்கட்டும்" என்றாள் ரோசம்மாள்.

ஹெலன் சிரிக்கவில்லை. "நான் உள்ள வந்தா எல்லாரும் எய்ந்து நிக்கணும் நைனா. ரூலு."

அந்தோணியின் கை தட்டில் நின்றது. "எல்லாரும்னா?"

"எல்லாருந்தான். தொடக்க விழால பசங்க, சாருங்க, சீஃப் கெஸ்ட்டு."

"உக்காந்துனு இருக்கறவங்க கூடவா?"

ரோசம்மாளுக்குப் புரையேறிவிட்டது. "உக்காந்துனு இருக்கறவன்தான்யா எய்ந்து நிக்க முடியும்."

அந்தோணி எழுந்துபோனார். கை கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்தபடி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். "நான் வந்து பாக்கலாமா? லீவு சொல்லிக்கறேன். பின்னால ஒரு ஓரமா நின்னுக்கறேன்."

அன்று முதல் ஹெலன் வேறு எதையும் படிக்கவில்லை.

கையைத் தூக்கி ஓட்டுப் போட்டால் போதும் என்றுதான் பரசுராமன் முதலில் சொன்னார். அதில் ஹெலனுக்குப் பயம் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் மன்றத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் எல்லார் கண்ணெதிரிலும் அவளுக்காகக் கை தூக்குவது வேறு விஷயம். முக்கியமாக ரம்யா. தணிகாசலத்தின் மகள். தினமும் ஒரே ரயிலில், ஒரே ஜன்னலோரத்தில், ஒரே இயர்ஃபோனில் ஆளுக்கொரு காது வைத்துக்கொண்டு வருகிறவள். அவளைச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது. நிஜமான ஐ.நா.வில் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தேடிப் படித்து, அச்செடுத்து, கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கே ரகசிய வாக்கெடுப்பு; ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனியாக 'வேண்டும்' அல்லது 'வேண்டாம்' என்று எழுதிப் போடவேண்டும். ஐந்து வல்லரசுகளுக்கு மட்டும் தனி நிறத்தில் சீட்டு, அதில் ஒன்று 'வேண்டாம்' என்றாலும் ஆள் தேறமாட்டார். படித்த பரசுராமனுக்கு மூச்சே நின்றுவிட்டது. "டெல்லியில கூட இவ்ளோ ஒரிஜினலா பண்ணலியேம்மா" என்றார். அன்று மாலையே சிவப்புக் காகிதம் வாங்கிவந்துவிட்டார்.

இன்னொரு வழக்கமும் அந்தத் தாளில் இருந்தது. வல்லரசு நாட்டுக்காரர் பொதுச்செயலாளர் ஆவதில்லை. ஹெலனிடம் இருந்ததோ பிரான்ஸ், குலுக்கலில் வந்தது. யாரும் கேட்காமலே அவள் அதை விட்டுக்கொடுத்தாள். வீட்டோ அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கக்கூட இல்லை. ரம்யாவின் ஜாம்பியாவை வாங்கிக்கொண்டு பிரான்ஸை அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள். "ஐஃபில் டவர்ல நின்னு செல்ஃபி எடுத்து அனுப்புடி" என்றாள்.

எதிர்த்து நின்றவன் அன்புசெல்வன், பிரேசில். அவன் மேல் யாருக்கும் கோபம் வராது. ஒரு பெண்ணை எதிர்த்து யாரும் நிற்காவிட்டால் தேர்தல் மாதிரி இருக்காது என்று பரசுராமன் சொன்னதால் நின்றான். வியாழக்கிழமை எழுந்து, தான் வந்தால் கூட்டத்துக்குக் கூட்டம் சமோசா உண்டு என்றும், பருவநிலை மாற்றத்தைப் பற்றி நாளைக்குப் படித்துவிட்டு வருவதாகவும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பலமான கைதட்டல்.

ஹெலன் தாளைப் பார்க்காமல் பேசினாள். சிறிய நாடுகளின் குரல் பற்றிப் பேசும்போது இரும்பு ஆலையின் சைரன் ஊதியது. அது ஓயும்வரை காத்திருந்துவிட்டு, விட்ட வார்த்தையிலிருந்து எடுத்தாள். சமோசாவுக்குத் தட்டிய கைகள் அப்போது அசையாமல் இருந்தன. முடித்தபின் சீனாவே எழுந்து தட்டியது.

சீட்டுகளைப் பரசுராமன் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். ஹெலனுக்கு 'வேண்டும்' வந்துகொண்டே இருந்தது. ஊர்ப் பிள்ளைகளும் போட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் இத்தனை வந்திருக்காது. பாதியிலேயே யாரோ மேஜையைத் தட்ட ஆரம்பித்தார்கள். கடைசிக்கு முந்தைய சீட்டு சிவப்பு. பரசுராமன் அதைத் திருப்பிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வேண்டாம்" என்றார்.

உலகம் அமைதியானது. அது ஒன்றுதான் அந்த மன்றம் நிலைநாட்டிய சமாதானம்.

அன்புசெல்வனை எந்த வல்லரசும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனைப் பற்றி யாருக்கும் அவ்வளவு தூரம் கருத்து கிடையாது. அவன் பொதுச்செயலாளர் ஆனான்; ஆனதும் பயந்துபோய் ஹெலனைப் பார்த்தான். அவளைத் தனியே கூப்பிட்ட பரசுராமன், தொடக்க விழாவில் உபசரிப்புத் துறைக்கு அவளே தலைமை தாங்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வாசலில் நின்று பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுக்கும் துறை அது. "மனச தளரவிடாதீங்க மாண்புமிகு ஜாம்பியா" என்றார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

ஸ்டேஷன் வரைக்கும் ரம்யா இரண்டடி பின்னாலேயே நடந்துவந்தாள். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிளாட்பாரத்தில் சிமென்ட் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள்.

"நான்தான்டி" என்றாள் ரம்யா.

ஹெலன் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"விழாக்கு அப்பாதான் சீஃப் கெஸ்ட்டு. நீ வந்தா எல்லாரும் எழுந்து நிக்கணும்னு நானே ஊட்டுல சொன்னேன். பெருமையாத்தான்டி சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சாப்ட்டுகினு இருந்தாரு. தட்டுலயே கைய கழுவிட்டு எழுந்துட்டாரு. அதுலருந்து எங்கிட்ட பேசறது இல்ல." ரம்யா கழுத்து அட்டையின் நாடாவை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "திட்டியிருந்தா உனக்குத்தான்டி போட்டிருப்பேன்."

ஹெலனின் ஃபோன் அடித்தது. அந்தோணி. ஆலைக்குள்ளிருந்து பேசினால் கத்தித்தான் பேசுவார்; பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

"இன்னாம்மா ஆச்சு? சூப்பர்வைசர் இங்கதான் நிக்கறாரு. லீவு சொல்லிடட்டா?"

"வேணாம் நைனா."

"ஏம்மா?"

ஹெலன் திரும்பிப் பார்த்தாள். ரம்யாவின் விரலில் நாடா இறுகி நுனி வெளுத்திருந்தது.

"எல்லாரும் எனக்குத்தான் போட்டாங்க. ஒரே ஒரு நாடு மட்டும் வேணாம்னுடுச்சு. ஒண்ணு சொன்னாலே போதும், அதான் ரூலு."

"எந்த நாடு?"

"பிரான்ஸு."

கம்பிகள் உருளும் சத்தத்துக்கு மேல் அவர் குரல் இன்னும் உயர்ந்தது.

"பிரான்ஸா?" என்றார் அந்தோணி. "அவங்களுக்கு நம்மள யாருன்னே தெரியாதேம்மா."

ஹெலன் ஃபோனைப் பைக்குள் போட்டாள். ரம்யா முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. அழட்டும் என்று ஹெலன் விட்டுவிட்டாள். தனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று யோசித்தாள். வராதது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

ரயில் வந்தது. அதை விட்டால் அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் இருவரும் ஒரே பெட்டியில் ஏறினார்கள்.