தனிப் படிவம்

கலினா என் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினாள். கதவைத் திறந்தே வைக்கச் சொல்லி சுகாதாரத் துறையினர் ஒட்டிவிட்டுப் போன தாள் அவள் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. தொற்று வந்த இரண்டாவது வருஷத்து ஜூலை அது, வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. ரகசியம் பேச வருகிறவர்களை எனக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். பத்தொன்பது வருஷமாக இந்த துப்னித்சா ஊர்க்காரர்களை வேனில் எல்லை தாண்டி கிரேக்கக் கடற்கரைக்குச் சுற்றுலா அனுப்பி வைக்கிறவள் நான். யார் யாரோடு ஒரே அறையில் தங்க விரும்பவில்லை என்பது பாதிரியாரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கோடையில் என் பிழைப்பே மாறிப் போயிருந்தது. முன்பெல்லாம் பால்கனியிலிருந்து கடல் தெரியுமா என்று கேட்பார்கள். இப்போது எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடுவோமா? நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள். ஊசி போட்டவர்கள் சான்றிதழ் கொண்டுவர வேண்டும், போடாதவர்கள் மூன்று நாளுக்குள் எடுத்த சோதனை முடிவு கொண்டுவர வேண்டும். எல்லோருக்கும் படிவம் நிரப்ப வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் எல்லைச் சாவடியில் சிலரை மட்டும் பொறுக்கியெடுத்து, இறக்கி, மூக்கில் குச்சி விடுவார்கள். யாரை என்பது அவர்கள் கணினிக்குத்தான் வெளிச்சம். ஒரு குடும்பத்துக்கு ஒரு படிவம். அந்தப் படிவத்தில் ஒருவருக்குத் தொற்று என்றால், அதில் பேர் உள்ள அத்தனை பேரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

கலினாவின் கவலை அவள் புருஷனின் அக்கா பெங்காவைப் பற்றியது. கலினா, புருஷன் ஒக்னியான், மகள் யோவானா மூவரும் வசந்தத்திலேயே ஊசி போட்டுவிட்டார்கள். பெங்காவை மட்டும் போடவிடவில்லை. ஊசி போட்டால் இரண்டு நாள் படுக்கை, அப்புறம் வீட்டை யார் பார்ப்பது என்று தள்ளிப் போட்டு, தள்ளிப் போட்டு, ஜூலை வந்துவிட்டது. இந்த நியாயத்தை கலினா ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். தன்மேல் பிழை இருக்கிறது என்று நினைக்கிறவள் அப்படிச் சொல்ல மாட்டாள்.

"அப்போ அவங்கள விட்டுட்டுப் போங்களேன்" என்றேன்.

"அங்க சமைக்கிறது யாரு?" என்றாள் கலினா.

நான்தான் வழி சொன்னேன். இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவள் கேட்டது ஒரு கேள்வி, எனக்குத் தெரிந்தது அதற்கான பதில். பெங்காவுக்குத் தனிப் படிவம் போட்டுவிடலாம், வேனில் ஓட்டுநருக்குப் பின்னால், கூடவே வரும் என் பக்கத்து இருக்கையைக் கொடுத்துவிடலாம், எது நடந்தாலும் அவளோடு போய்விடும் என்றேன். கலினாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நினைவு வந்து, இருவரும் கைக்கு மருந்து தடவிக்கொண்டோம்.

மறுநாள் பெங்கா வந்தாள். ஐம்பத்தெட்டு வயது, மூட்டு வீங்கிய கால்கள், வியர்வையில் கழுத்தோடு ஒட்டிய கைக்குட்டை. அம்மா செத்தபோது ஒக்னியானுக்கு ஒன்பது வயது. அவனை வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணம் பண்ணி வைத்து, அப்புறம் அவன் பெண்ணையும் தூக்கி வளர்த்தவள். இடையில் அவளைப் பெண் கேட்டு வந்த இரண்டு பேரும் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. கடலில் கால் வைத்ததும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அவர்கள் கடலுக்குப் போகும்போது, ஒக்னியானின் தக்காளிப் பாத்திக்குத் தண்ணீர் விட அவள் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த இளஞ்சிவப்புத் தக்காளிதான் அவனுக்கு உயிர். பெற்ற பிள்ளையைக் காட்டுகிற மாதிரி ஃபோனில் படம் காட்டுவான். இந்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீர் விட ஒத்துக்கொண்டதால்தான் பெங்காவுக்குக் கடல்.

"ருமி, கடல் தண்ணி முட்டிக்கு நல்லதாமே, மெய்தானா?" என்று கேட்டாள்.

எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன். உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் கால் நனைத்தால் குளிர்காலம் முழுக்க முட்டி வாயைத் திறக்காது. அவள் சிரித்தாள். படிவம் லத்தீன் எழுத்தில் இருந்தது, அவளுக்கு நம் ஊர் சிரில்லிக் எழுத்து மட்டும்தான் வாசிக்க வரும். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பேர், ஊர், அடையாள அட்டை எண் என்றேன். அதற்குக் கீழே உடன் வரும் குடும்பத்தார் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்ததைச் சொல்லவில்லை. நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையெழுத்துப் போட்டாள். பேனாவை இரண்டு கையாலும் திருப்பித் தந்தாள்.

புறப்படுவதற்கு முன் ஊரில் எடுத்த சோதனையில் அவளுக்கு ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. வேன் காலையில் கிளம்பியது. பெங்கா முந்தின நாள் முழுக்க அடுப்படியில் நின்றிருக்கிறாள். அரிசி அடைத்த குடைமிளகாய், கொத்துக்கறி உருண்டை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா இரண்டு தட்டு, எல்லாம் ஒரு நீலக் குளிர்பைக்குள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்ணும் விரியத் திறந்தபடி, ஜன்னலுக்கு வெளியே போகிற ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். அதே சாலையில் ஆயிரம் தடவை போனவள் நான். எரிச்சலாக இருந்தது, தூங்குகிற மாதிரி நடித்தேன்.

சாவடியில் கணினி இரண்டு பேரைக் கேட்டது. ஒருவர் பின்சீட்டுப் பல் வைத்தியர். இன்னொருவர் பெங்கா. வைத்தியர் பத்து நிமிஷத்தில் ஏறிவிட்டார். பெங்கா ஏறவில்லை. வெள்ளை அங்கி போட்ட பெண் ஒருத்தி, நம் மொழியைத் தட்டுத் தடுமாறிப் பேசுகிறவள், படிவத்தோடு வேன் கதவருகே வந்தாள். பெங்கா அவளுக்குப் பின்னால், வெயிலில், கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி நின்றாள்.

"இந்தம்மாவுக்குத் தொற்று இருக்கு. குடும்பத்தார் யாரும் இல்லைன்னு இதுல போட்டிருக்கு. சரிதானா? இவங்க கூட வந்தவங்க யாராவது இருக்கீங்களா?"

ஒக்னியான் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபோனில் வெளிச்சமே இல்லை. யோவானாவுக்கு இருபது வயது, கல்லூரியில் படிக்கிறாள். அவள் பாதி எழுந்தாள். கலினா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்படி ஒன்றும் பலமாகப் பிடிக்கவில்லை. பலமாகப் பிடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பெங்கா ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். யாராவது சொல்வார்கள் என்று கடைசி வரைக்கும் நம்பினாள் பாவம். ஜன்னல்கள் தீர்ந்ததும் என்னைப் பார்த்தாள்.

"அவங்க தனியா வந்தவங்க" என்றேன்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் என்பதால் என் மூக்கிலும் குச்சி விட்டார்கள், எனக்கு ஒன்றுமில்லை. பெங்கா நம் எல்லைப் பக்கம் நடந்தே திரும்ப வேண்டும் என்றார்கள். ஓட்டுநர் அவள் பெட்டியை இறக்கினார், கூடவே நீலப் பையையும். அப்போதுதான் கலினாவுக்குக் குரல் வந்தது.

"நீலப் பை இருக்கட்டும், அது நம்மோடது."

அந்த 'நம்மோடது' வெள்ளை அங்கிக்காரியின் காதில் விழுந்ததா என்று சட்டென அவள் முகத்தைப் பார்த்தேன். விழவில்லை. பெங்காவின் காதில் விழுந்தது. பெட்டியின் கைப்பிடியை நீட்டி, சக்கரத்தில் ஒன்று சுற்றாததால் பாதி இழுத்தும் பாதி தூக்கியும் வந்த வழியே நடந்தாள். வேன் கிளம்பியது. இரண்டு வளைவு தாண்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று ஒக்னியான் பல் வைத்தியரிடம் சொன்னான். அக்காவை யார் கூட்டிப்போவார்கள் என்று என்னிடம் கேட்டான், பதில் வருமுன் கடலுக்கு வழி காட்டும் பெயர்ப்பலகையை மகளுக்குக் காட்டினான். எல்லை வழியே லாரியில் தர்பூசணி ஏற்றும் என் சித்தப்பா மகனுக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும், முன்னால் உட்கார வைக்க மாட்டேன், பின்னால் கூடைகளோடு வரட்டும் என்றான். அப்படித்தான் ஊர் போய்ச் சேர்ந்தாள். அவள் சமைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்று சாயங்காலம் விடுதி பால்கனியில் கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. அடுப்பில் வெந்ததுதானே, கிருமி செத்திருக்கும் என்று முடிவாயிற்று. பனிட்சா ஒரு துண்டு எனக்கும் வந்தது. நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். யோவானா மட்டும் தலைவலி என்று உள்ளே படுத்துவிட்டாள். மறுநாள் அவளும் கடலில் இறங்கினாள்.

நான் வேனோடு ஊர் திரும்பினேன். நாலாவது நாள் ஒக்னியான் கூப்பிட்டான். அக்கா ஃபோனை எடுக்கவே மாட்டேன் என்கிறாளாம். அவள்தான் வீட்டில் இருக்கிறாளே என்று பக்கத்து வீட்டுக்காரன் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டானாம். வெயில் முப்பத்தெட்டு டிகிரி.

"போய்ப் பாரு ருமி" என்றான். "செடி காஞ்சிடும்."

செடியை முதலில் கேட்டான். அக்காவை அப்புறமும் கேட்கவில்லை.

வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். தனிமைப்படுத்தலில் இருக்கிறாள், உள்ளே போக முடியாது. போகத் தைரியமும் இல்லை. பெங்கா முற்றத்தில், திராட்சைக்கொடி நிழலில், முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பாவாடையை முட்டிக்கு மேல் சுருட்டி, இரண்டு காலையும் ஒரு துத்தநாகத் தொட்டிக்குள் வைத்திருந்தாள். முகத்தில் காய்ச்சல் களை இல்லை, இருமல் இல்லை. பக்கத்தில், இலையுதிர் காலத்து ஊறுகாய்க்கென்று எல்லோர் வீட்டு நிலவறையிலும் இருக்கும் கல்லுப்பு மூட்டை வாய் பிளந்து கிடந்தது. அதற்கு அப்பால் நாற்பது தக்காளிச் செடிகள், இலை சுருண்டு, பழத்தின் பாரத்தில் குச்சியோடு சாய்ந்து நின்றன.

அந்தப் படிவம் அவளுடைய பாதுகாப்புக்காகத்தான் என்று ஏதோ உளறினேன். அவள் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள். உன்னால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் அந்த மாதிரி மனுஷிதான். சொல்லவில்லை.

"நீ சொன்னது நெசந்தான்" என்றாள். "உப்புத் தண்ணிக்கு முட்டி கேக்குது."

என் கையில் ஃபோன் அடித்தது. ஒக்னியான். அவன் குரலுக்குப் பின்னால் அலை, குழந்தைகளின் கூச்சல். பெங்காவுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி, வேலிக்கு மேல் நீட்டிப் பிடித்தேன்.

"ருமி, அக்கா தண்ணி விடுதா? ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லேன்."

பெங்கா தொட்டியிலிருந்து ஒவ்வொரு காலாக எடுத்து, ஈரத்தோடு செருப்பில் நுழைத்தாள். குனிந்து தொட்டியைத் தூக்கினாள். அவ்வளவு பாரத்தை அந்தக் கால்கள் தாங்கும் என்று நான் நினைக்கவில்லை. முதல் வரிசைக்குப் போய், தண்டுக்குப் பக்கத்தில், ஒரு சொட்டு இலையில் படாமல், வேருக்கே போகும்படி மெதுவாக ஊற்றினாள். வெடித்துக் கிடந்த மண் மடக் மடக்கென்று குடித்தது. உப்புத் தண்ணீர் போன மண்ணில் எத்தனை வருஷத்துக்கு எதுவும் முளைக்காது என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

"ஊத்துறேன்னு சொல்லு" என்றாள்.

"ஊத்துறாங்க, ஒக்னியான்" என்றேன் ஃபோனில்.

படமும் எடுத்தேன். நனைந்த கருப்பு மண்ணும், அதன்மேல் இளஞ்சிவப்புப் பழங்களும் படத்தில் அவ்வளவு அழகாக வந்திருந்தன. அனுப்பினேன். உடனே முத்தமிடுகிற பொம்மை முகங்கள் மூன்று வந்தன. நிமிர்ந்தபோது பெங்கா குழாயடியில் தொட்டியை நிரப்பிக்கொண்டு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, மூட்டைக்குள் கையை விட்டு அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டாவது வரிசையைப் பார்த்தபடி, உப்புக் கரையும் வரை காலால் துழாவினாள்.