மதலேனாள் சாப்பிட்டு முடிக்கட்டும்

மதலேனாளைப் போல மெதுவாகச் சாப்பிடுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாங்களெல்லாம் சாப்பிட்டு, தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து, வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வந்து பார்த்தாலும் அவள் பாதியில்தான் இருப்பாள். கீழ்வரிசையில் பல் குறைவு, அது ஒரு காரணம். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கதை சொல்வாள், அது இன்னொரு காரணம்.

"ஏத்தா, கல்யாண வீட்டுல ஒன்னைய மொதப் பந்தியில உக்கார வச்சா, கடைசிப் பந்திக்காரவுக ஒன்னோட சேந்துதான் எந்திரிப்பாக" என்பேன்.

"எந்திரிச்சு என்ன செய்யப் போறேன்? மறுபடியும் கழுத்த அண்ணாந்துக்கிட்டுத் திராட்சைக் கொலையத்தான பாக்கணும்" என்பாள்.

அவள் சொல்வதும் சரிதான். திராட்சைத் தோட்டத்து வேலை கழுத்து வேலை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தலாகக் கொடியைப் படர விட்டிருப்பார்கள். காலையில் அண்ணாந்த தலையைச் சாயங்காலம்தான் இறக்குவோம். வீட்டுக்குப் போய்த் தரையைக் கூட்டக் குனிந்தால் கழுத்து வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

காமயகவுண்டன்பட்டியைச் சுற்றி நான் வேலை பார்க்காத திராட்சைத் தோட்டம் குறைவு. எல்லாத் தோட்டத்திலும் மருந்தடிப்பார்கள். அடித்த மறுநாளே எங்களைக் கொடிக்குள் விடுவார்கள். என் உள்ளங்கை தோலுரிந்து, ரசம் ஊற்றிப் பிசைந்தால் தீயில் கையை வைத்தது மாதிரி எரிந்தது. கரண்டியால் சாப்பிட்டேன். இனிமேல் மருந்து வாடையே உனக்கு ஆகாது, வேறு வேலை பார் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். வேறு வேலைக்கு எங்கே போவது? அப்போதுதான் அனுசுயா தன் தோட்டத்தில் மருந்தை நிறுத்தியது காதில் விழுந்து, அங்கே போய் நின்றேன். நடக்கிற தூரத்தில் மருந்தடிக்காத தோட்டம் அது ஒன்றுதான். அது போனால் எனக்குத் திராட்சை வேலையே போன மாதிரி.

அங்கே மூன்றாம் வருசம் ஓடிக்கொண்டிருந்தது. சணப்பை விதைத்து, பூக்கும் சமயத்தில் மண்ணுக்கு உரமாக மடக்கி உழுதோம். வேப்பங்கொட்டையை இடித்து ஊற வைத்தோம். சாணி, கோமியம், மோர், வாழைப்பழம் எல்லாம் தொட்டியில் போட்டுக் கலக்கினோம். முதலில் மண்வெட்டி போட்டால் திருப்பி அடிக்கிற மண், இப்போது பிட்டு மாதிரி உதிர்ந்தது. என் உள்ளங்கையில் புதுத்தோல் வந்தது. பந்தல் நிழலிலேயே உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டோம்.

இந்த அறுப்போடு இயற்கைத் தோட்டம் என்று சான்றிதழ் கைக்கு வரும். கட்டப்பனை வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "கொள்ளாம், கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சிவிட்டும் போயிருந்தார். ஆனால் நடுவில் ஒரே ஒரு தடவை மருந்து பட்டாலும் கணக்கு மறுபடி முதல் வருசத்திலிருந்து தொடங்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான் மாவுப்பூச்சி வந்து சேர்ந்தது.

கொலைக்குள் புகுந்து வெள்ளையாக அப்பிக்கொள்ளும். சாற்றை உறிஞ்சிப் பிசுபிசுவென்று தேனாக ஒழுக விடும். அந்தத் தேனுக்கு எறும்பு வரும், பழம் கறுத்துப் போகும். வேப்பங்கொட்டைக் கரைசலுக்குக் கொஞ்சம் அடங்கி, மறுபடி ஏறியது. அனுசுயா கம்பத்தில் ரூபன் என்ற பையனிடம் போய் வண்டு வாங்கி வந்தது. இந்தப் பூச்சியைத் தின்ன வைக்கவே அவன் வண்டு வளர்க்கிறானாம். கறுப்பு உடம்பும் ஆரஞ்சுத் தலையுமாக மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வண்டு. வெயில் தாழப் பெட்டியைத் திறந்து கொடிக்கொடியாக விட்டோம்.

"போங்கய்யா, போய் வயிறாரச் சாப்புடுங்க" என்று மதலேனாள் வழியனுப்பி வைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் வண்டைக் காணோம். அதற்குப் பதிலாகக் கொலையெல்லாம் பெரிய பெரிய மாவுப்பூச்சி. பழையது மாதிரி இல்லை. அரிசி நீளத்துக்கு, உடம்பெல்லாம் வெள்ளைத் திரி தொங்கிக்கொண்டு, விறுவிறுவென்று நடந்தது. பூச்சி கொழுத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தோம். சின்னதை விட்டாலும் விடு, பெரியதை விடாதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு துடைத்தோம்.

அன்றைக்கு வெயில் ஏறும் முன்னமே அனுசுயாவின் வீட்டுக்காரர் சுருளிராஜன் தோட்டத்துக்கு வந்தார். ஒரு கொலையைத் திருப்பிப் பார்த்தார்.

"நானும் மூணு வருசமா ஒன் பேச்சக் கேட்டேன்" என்றார் அனுசுயாவிடம். "கோமியத்தக் கலக்குனேன். மீன அழுக வச்சேன், ஊரே மூக்கப் பொத்திக்கிட்டுப் போச்சு. கடைசியில பூச்சிய பெட்டியில வாங்கியாந்து நம்மளே விட்டுருக்கோம். போதும். ஒச்சாண்டிய வரச் சொல்லிட்டேன்."

ஒச்சாண்டி என் கொழுந்தன். பவர் ஸ்பிரேயர் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக மருந்தடிக்கிறவன்.

"ஒரு தடவ அடிச்சா மூணு வருசமும் போச்சுங்க" என்றது அனுசுயா.

"அடிக்கலன்னா கொலையே போச்சு. சான்றிதழக் கொடியில தொங்க விட்டு அறுக்கவா?"

அனுசுயா ஒரு கொலையை விரலால் தொட்டுப் பார்த்தது. பிறகு, "அந்த ரூபன் மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன்" என்றது.

"கேளு. நல்லாக் கேளு. ஆளுக சாப்புட்டு எந்திரிச்சதும் இங்கன பம்பு ஓடும்."

சொல்லிவிட்டு மருந்து வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு தேவாரம் ரோட்டுப் பக்கம் போய்விட்டார். அனுசுயாவுக்கு டவுன் பஸ்தான் மிச்சம். துணைக்கு என்னைக் கூப்பிட்டது. பூச்சியைக் கையோடு கொண்டுபோய்க் காட்ட ஒரு பாத்திரம் வேண்டுமே. நான் என் தூக்குவாளிச் சோற்றை மதலேனாளின் சட்டியில் கவிழ்த்துவிட்டு, பூச்சி அப்பிய கொலை ஒன்றை அறுத்து அதற்குள் வைத்து மூடினேன்.

"ஏடி மொக்கம்மா, ரெண்டாள் சோத்த நான் என்ன செய்ய?" என்றாள் மதலேனாள்.

"என் பங்க வச்சிரு. வந்து தின்னுக்கிறேன்."

பஸ்ஸில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சி, "என்ன கொழம்பு?" என்று கேட்டார். "பூச்சிக் கொழம்பு" என்றேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அனுசுயா சிரிக்கவில்லை. ரூபனை என்ன கேட்க வேண்டும் என்று உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தது.

ரூபனின் கூடம் ஓடு போட்ட ஒரு பழைய கட்டடம். உள்ளே நுழைந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். பலகை பலகையாகப் பரங்கிக்காய் அடுக்கியிருந்தது. ஒவ்வொரு காயும் வெள்ளை வெளேரென்று. சுண்ணாம்பு அடித்திருக்கிறானோ என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தால், அத்தனையும் மாவுப்பூச்சி.

"பாரு தாயி" என்றேன். "பயிருக்கு வார நோயவே இவன் பரங்கிக்காயில பயிர் வச்சிருக்கான்."

அனுசுயா பஸ்ஸில் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டியது. "வண்டுன்னு சொல்லிப் பூச்சியக் குடுத்திருக்கீங்க. வீட்டுல எனக்கு மூஞ்சி காட்ட முடியல. மூணு வருச மண்ணுங்க அது."

அந்தப் பையன் சண்டைக்கு வரவில்லை. "வண்ட வளக்கணும்னா அதுக்குச் சோறு வேணும்லக்கா. மாவுப்பூச்சிதான் அதுக்குச் சோறு. அது வளரத்தான் பரங்கிக்காய்" என்றான். "என்ன கொண்டாந்திருக்கீங்க, காட்டுங்க."

தூக்குவாளியைத் திறந்தேன். ஒரு பெரிய வெள்ளைப் பூச்சி மூடியின் உள்பக்கம் ஏறி நடந்துகொண்டிருந்தது. ரூபன் அதைப் பார்த்தான், பிறகு எங்களைப் பார்த்தான். அவன் முகம் பிள்ளை பிறந்த வீட்டுக்காரன் முகம் மாதிரி மலர்ந்துபோனது.

"அக்கா, இது வண்டோட குஞ்சுக்கா. சின்னதுல இப்படித்தான் இருக்கும், மாவுப்பூச்சி மாதிரியே வேசம் போட்டுக்கிட்டு. தின்னு பெருத்து, கூடு கட்டி, அப்பறமாத்தான் கறுப்பு வண்டாகும். வண்டவிட இதுதான் அதிகமாத் திங்கும்."

கையில் ஒரு லென்ஸைக் கொடுத்தான். கொலைக்குள் பார்த்தேன். திரி தொங்குகிற பெரியது ஒன்று, அசையாமல் கிடந்த மாவுப்பூச்சியைக் கவ்வி, மதலேனாள் முருங்கைக்காய் சப்புகிற மாதிரி சப்பிக்கொண்டிருந்தது.

"அப்ப நாங்க தொடச்சு எடுத்ததெல்லாம்?" என்றேன்.

"பெருசாப் பாத்தா தொடச்சீக?"

நான் அங்கிருந்த சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"குஞ்சப் பத்தி நான் சொல்லியிருக்கணும்க்கா. வண்டப் பத்தியே பேசி அனுப்பிட்டேன்" என்று ரூபன் தலையைச் சொறிந்தான். "பரவால்ல. இவ்வளவு தொடச்சும் மிச்சம் இருக்குன்னா, ஒங்க தோட்டம் அதுக்குப் பிடிச்சுப்போச்சுன்னு அர்த்தம். துணிய மட்டும் தூரப் போடுங்க. மருந்து கிருந்து அடிச்சிராதீக, அத்தனையும் செத்துப்போகும்."

அனுசுயா போனை எடுத்து வீட்டுக்காரருக்குப் போட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வண்டி ஓட்டும்போது போனை சீட்டுக்கு அடியில் போட்டு வைப்பவர். மறுபடி போட்டது. ஒச்சாண்டிக்கு நான் போட்டேன். இயந்திர இரைச்சலில் அவனுக்கு எந்தக் காலத்தில் காது கேட்டது? கடைசியில் மதலேனாளுக்குப் போட்டேன்.

"என்ன மொக்கம்மா?" என்றாள், வாயில் சோறோடு.

"சாப்புட்டு முடிச்சிட்டியா?"

"என்னுது இந்த வாயோட முடிஞ்சது. ஒன் பங்கு அப்படியே இருக்கு. ஒச்சாண்டி வந்துட்டான். டேங்குல தண்ணி ரொப்புறான். நம்ம மொதலாளியும் டப்பாவோட வந்து நிக்காரு."

"அந்த வெள்ளப் பெருசுதான் வண்டோட பிள்ளையாம். மருந்து படக் கூடாது. போன்ல சொன்னா மொதலாளி நம்ப மாட்டாரு, கண்ணுல காட்டணும். நான் வார வரைக்கும் நீ எந்திரிக்காத. என் சோத்தயும் நீயே தின்னு."

"ஒனக்கு?"

"எனக்கு வேணாம். மெதுவாத் தின்னு."

மறுமுனையில் அவள் வாயிலிருந்ததை மென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. "இத இதுவரைக்கும் யாரும் என்கிட்டச் சொன்னதே இல்லடி" என்றாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சோற்றில் கை வைத்திருக்கிற ஆளை யாரும் எழுப்ப மாட்டார்கள். கடன்காரன் வந்தாலும் தள்ளி நின்று, கை கழுவட்டும் என்று காத்திருப்பான். அதைத்தான் நம்பி பஸ் ஏறினோம். அந்த பஸ்ஸோ ஒவ்வொரு தென்னந்தோப்புக்கும் நின்று நின்று வந்தது. 

தோட்டத்து வாசலில் இறங்கி ஓடினோம். ஓடினோம் என்று எழுதுகிறேன், அனுசுயா ஓடியது, நான் வேகமாக நடந்தேன். பம்புச் சத்தம் கேட்கவில்லை. உள்ளே போனால், பந்தலுக்கு நட்டநடுவில் மதலேனாள் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மற்ற பெண்களும் கழுவிய சட்டியை மறுபடி திறந்து வைத்து, வெறும் கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒச்சாண்டி குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு கல்தூணில் சாய்ந்திருந்தான். சுருளிராஜன் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"மதலக்கா, சோறுதான திங்கிறீக, நெல்லு விதைக்கலயே?" என்றார்.

"செமிக்கணும்ல தம்பி. வயசாகுதுல்ல."

"ஏண்டா ஒச்சாண்டி, அந்தக் கோடியிலிருந்தாவது ஆரம்பியேன்டா."

"காத்து இங்கிட்டு அடிக்குண்ணே" என்றான் ஒச்சாண்டி. "திங்கிறவுக சோத்துல மருந்த அடிச்சுட்டு நான் ஊருக்குள்ள போக முடியுமா? எங்க மதினி சோறு வேற அது. வீட்டுல என்னைய உப்புக்கண்டம் போட்டுருவாக."

அனுசுயா நேரே போய், ரூபன் கொடுத்தனுப்பிய லென்ஸை வீட்டுக்காரர் கையில் வைத்தது. ஒரு கொலையைத் தாழ்த்திப் பிடித்தது. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அடுத்த கொலைக்குப் போனார். அதற்கடுத்த கொலைக்கும் போனார்.

"திங்குது" என்றார்.

"ம்" என்றது அனுசுயா.

"மதலக்காவவிட வேகமாத் திங்குது."

மதலேனாள் முதற்கொண்டு எல்லோரும் சிரித்துவிட்டோம். மருந்து டப்பாவின் மூடியை அவர் இன்னும் திறந்திருக்கவில்லை. அதைக் கொண்டுபோய் வண்டி சீட்டுக்கு அடியில், போனுக்குப் பக்கத்தில் வைத்தார். போனை எடுத்துப் பார்த்து, "இத்தன தடவையா கூப்புட்ட?" என்றார். அனுசுயா சிரித்தது. சாயங்காலமே போய் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னது.

"அப்ப டேங்குத் தண்ணி?" என்றான் ஒச்சாண்டி.

"பழைய மருந்து ஒட்டுன ஒன் டேங்க நம்பி எதுலயும் ஊத்த முடியாது. அப்படியே ரோட்டுக்குக் கொண்டுபோய் ஒன் வண்டியக் கழுவு" என்றேன். அவனும் சிரித்துக்கொண்டே போனான்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பசி தெரிந்தது. மதலேனாள் சட்டியைச் சாய்த்துக் காட்டினாள். ஒரு பருக்கை இல்லை.

"நீதானடி தின்னச் சொன்ன" என்றாள். "கடைசிப் பிடியத்தான் ரொம்ப நேரம் வச்சிருந்தேன். ஒங்க ரெண்டு பேரு தல தெரியவும் வாயில போட்டுட்டேன்."

அனுசுயா தன் சாப்பாட்டை எடுத்து வந்து எனக்குப் பாதி வைத்தது. வாங்கிக்கொள்ளத் தூக்குவாளியைக் கழுவப் போனேன். அடியில் ஒரு வண்டுக் குஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. இலை நுனியால் அதை ஏந்தி, பூச்சி அதிகமாக இருந்த கொலை ஒன்றில் விட்டேன். திரியை ஆட்டிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டது.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, குழம்பு ஊற்றிப் பிசைந்தேன். கை எரியவில்லை.

"மெதுவாச் சாப்புடு" என்றாள் மதலேனாள். "அவசரமென்ன."