பேசாத இருவர், ஒரே கயிறு

பல் மருத்துவரும் அவர் மனைவியின் தம்பியான தையற்காரனும் பேச்சுவார்த்தையை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார் என்று அவன் சொல்ல, நன்றிகெட்ட வாய் என்று இவர் சொல்ல, அத்தோடு சரி. ஆனால் கயிறு அவனுடையது, கொக்கிகள் இவருடையவை. ஆற்றோரச் செங்குத்துப் பாறைக்கு இரண்டும் வேண்டும். எனவே வாயைக் கட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் ஏறினார்கள். முதலில் வாய் திறப்பவர் தோற்றவர்.

பழகியவர்களுக்கு அது சுமாரான ஏற்றம்தான். பாதி வழியில் பாறை வயிறு தள்ளி நிற்கும் இடம் மட்டும் யாரையும் மதிக்காது. அங்கேதான் மருத்துவர் விரல் நுனிகளில் தொங்கினார். பாறையில் அறைந்திருந்த அடுத்த வளையம் மோவாய்க்கு நேரே இருந்தது. கயிற்றை இழுத்து அதில் மாட்ட வேண்டும். இழுத்தார். வரவில்லை. கீழே தையற்காரன் இறுக்கிப் பிடித்திருந்தான்.

அவர் கால் தையல் மெஷின் போல ஆடத் தொடங்கியது. கீழே ஆறு வெயிலில் பளபளத்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"பாறையே, கீழ நிக்கிறவர்கிட்ட கொஞ்சம் கயிறு விடச் சொல்லு."

"ஆறே, நேரா கேட்டா விடுறேன்னு மேல இருக்கிறவர்கிட்ட சொல்லு."

யோசிக்க நேரம் கேட்டார் மருத்துவர். விரல்கள் கொடுக்கவில்லை.

"மாப்ளே, பிடி."

விழுந்தார். தையற்காரன் பிடித்தான். ஆனால் ஊசிக்கும் அவனுக்கும் எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. கயிறு முந்தைய வளையத்தின் வழியே ஓட, இவர் இறங்க இறங்க அவன் ஏறினான். நடுவானத்தில் மூக்கும் மூக்கும் இடிக்காத குறையாக இருவரும் நின்றார்கள். அவன் பிடியை விட்டால் இருவருக்கும் ஆறுதான்.

"நீங்கதான் முதல்ல பேசினீங்க, மாமா."

"ஆமாப்பா. கை தாங்குமா?"

"தாங்கணும்."

"நான் பாறையைப் பிடிச்சுக்கிறேன். நீ கயிறை விட்டு விட்டு மெல்ல இறங்கு."

அவர் ஒரு பிளவில் முழங்கைவரை கையைச் செருகி, கால் ஊன்றினார். அவன் அங்குலம் அங்குலமாக இறங்கினான். தரையைத் தொட்டதும் உட்கார்ந்துவிட்டான். பிடியை மட்டும் விடவில்லை.

இறங்கிவிடலாமே என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். மருத்துவர் கேட்கவில்லை. மறுபடி அந்த வயிற்றுக்கு ஏறி, "தளர்த்து மாப்ளே" என்று கத்திய கத்தலில் எதிர்க்கரைக் கொக்குகள் எல்லாம் எழும்பின. அவை இன்னும் உட்காரவில்லை.